அடுப்படியில் வேடிக்கை

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் இட்லி இரண்டு விதம். ஒன்று எல்லா ஊரிலும் இருப்பது: தட்டில் வட்டமாக வெந்து, பத்து நிமிஷத்தில் இறங்கி, சாம்பாரில் நனைவது. இன்னொன்று வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வேகிறது. நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிவர அடுக்கி, மாவை ஊற்றி, மூன்று மணி நேரம் ஆவி காட்டுவார்கள். வெந்தபிறகு குடலையிலிருந்து உருவி, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய், கறிவேப்பிலை எல்லாம் மாவிலேயே இருக்கிறது. தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் இதைக் காஞ்சிபுரம் இட்லி என்பார்கள். எங்களுக்கு இது கோயில் இட்லி, இல்லாவிட்டால் குடலை இட்லி.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் பிரசாதமாக ஒரு துண்டு கையில் வந்தது. மெத்தென்ற இட்லி சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது அழுத்தமாக, நறநறவென்று, சுக்கு வாசத்தோடு இருந்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெச்சிரும்மா, நாளைக்குக் காலையில சாப்பிட்டுப் பாரு" என்றார். மறுநாள் ஆறிப்போன அந்தத் துண்டில் மிளகும் நெய்யும் மாவுக்குள் நன்றாக இறங்கியிருந்தன. முந்தின நாள் தனித்தனியாகத் தெரிந்த ருசியெல்லாம் ஒன்றாகியிருந்தது. அப்போதுதான் எனக்குள் கேள்வி கிளம்பியது. ஆறின இட்லி ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? இதில் ஏன் மிளகாயே இல்லை? குடலை எதற்கு? ஏன் மூன்று மணி நேரம்?

அந்தக் கேள்விகள்தான் என்னை அடுப்படியில் நிற்க வைத்தன. சமையலில் சந்தோஷம் என்றால் விருந்து சமைக்கிற நாளை நினைக்கிறோம். அன்றைக்கு நேரத்துக்கு இலை போடணுமே என்ற பதற்றம்தான் வரும். ஒரு விசேஷமும் இல்லாத செவ்வாய்க்கிழமையில், அதே அரிசி அதே பருப்பு அதே ரசம் என்று வைக்கும்போதுதான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க முடிகிறது. கடுகு எப்போது வெடிக்கிறது, மாவு எப்போது பொங்குகிறது, நுரை எப்போது கட்டுகிறது என்று பார்க்கப் பார்க்க அதே சமையல் அலுப்பதில்லை. இது என் அனுபவம். இந்தப் பதிவு முழுக்க அப்படிப் பார்த்த சங்கதிகள்தான்.

முதலில் அந்த மூன்று மணி நேரம். சூடு மாவுக்குள் வெளியிலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்கிறது. தடிமன் இரண்டு மடங்கு ஆனால் வேகிற நேரமும் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம், ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் ஏறும் என்பது வெப்பம் கடத்தலில் பாலபாடம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். தட்டில் ஊற்றிய மாவு பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதே மாவை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் அரை மணி கேட்கிறது. மேலே தொட்டால் வெந்த மாதிரி இருக்கும். ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் மாவு ஒட்டிக்கொண்டு வரும். டம்ளருக்கே அரை மணி என்றால் குடலைக்கு மணிக்கணக்கு ஆவதில் ஆச்சரியமே இல்லை. மாவை ரவை பதத்தில் கொரகொரப்பாக அரைப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது. நைசாக அரைத்த மாவை அவ்வளவு தடிமனாக வேகவைத்தால் பிசின் கட்டிப்போகும். குருணை இருந்தால் இடைவெளி இருக்கும், உள்ளே வாங்கும்.

மிளகாய் இல்லாததற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்தபிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் அது நம் பக்கம் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு. கோயில் மடைப்பள்ளிகள் பழைய வழக்கத்தை விடவில்லை. அதனால் பிரசாதத்தைச் சாப்பிடும்போது மிளகாய்க்கு முந்தின தமிழ்நாட்டின் நாக்கு எப்படி இருந்தது என்று நமக்குக் கொஞ்சம் தெரிந்துபோகிறது. எனக்கு இதை நினைக்க நினைக்கப் பிடிக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஒன்று இங்கே தொன்னையில் சூடாகக் கிடைக்கிறது.

இன்னும் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். உணவு வரலாற்றை ஆழமாக எழுதியவர் கே.டி. அச்சயா. இட்லியைப் பற்றி அவர் திரட்டிய பழைய குறிப்புகள் மூன்று முக்கியமானவை. கி.பி. 920 வாக்கில் சிவகோடி ஆச்சாரியார் எழுதிய 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' வருகிறது. 1025 வாக்கில் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகாரம்' உளுந்தை மோரில் ஊறவைத்து, நைசாக அரைத்து, தயிர்த் தெளிவும் சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயமும் சேர்க்கச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில், சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 'மானசோல்லாசம்' உளுந்து மாவில் செய்யும் 'இட்டரிகா'வைச் சொல்கிறது. அதிலும் மிளகு, சீரகம், பெருங்காயம். இந்த மூன்றிலும் அரிசி கிடையாது, ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பது கிடையாது, ஆவியில் வேகவைப்பதும் கிடையாது என்று அச்சயா கவனித்துச் சொல்கிறார். அரிசி சேர்ந்ததும் ஆவி சேர்ந்ததும் பின்னால் என்பது அவர் கணிப்பு. ஆனால் அந்த மிளகு, சீரகம், பெருங்காயத்தைப் பாருங்கள்! இன்றைக்கு ஓட்டல் இட்லியில் அவை இல்லை. எங்கள் கோயில் இட்லியில் இருக்கின்றன. வழி நேராக அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மூன்று சாமான் இன்னும் ஒரு மாவுக்குள் சேர்ந்தே இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

மந்தாரை இலையையும் விடக்கூடாது. இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கிற இலை அது. காயவைத்துத் தைத்து, சாப்பிடுகிற இலையாகவும் முன்பு நிறையப் புழங்கியது. காய்ந்த இலையைத் தண்ணீரில் நனைத்தால் மறுபடி வளையும். சூட்டில் பட்டதும் அதிலிருந்து ஒரு காட்டு வாசம் கிளம்பி மாவின் ஓரத்தில் ஏறிக்கொள்ளும். இட்லியில் இலை ஒட்டியிருந்த ஓரம் கொஞ்சம் பழுப்பாகவும் இருக்கும். அந்த ஓரத்துக்கு எங்கள் வீட்டில் போட்டி.

இனி மாவு. உளுந்து ஆட்டும்போது மாவு எப்போது பதமாகிறது என்று சொல்ல மாமியாருக்கு ஒரு வழி உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விரல் நுனியில் மாவு எடுத்து ஒரு பொட்டு விடுவார். மூழ்கினால் இன்னும் ஆட்டணும், மிதந்தால் போதும். மாவுக்குள் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். கருவி எதுவும் இல்லாத அளவுகோல் இது. மிக்சியில் அரைத்தால் மாவு சூடேறிவிடுகிறது, அவ்வளவாக உபரியும் காணாது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்து கிரைண்டரைக் கொண்டுவந்தது 1950களில். கல் மெதுவாகச் சுற்றுவதைக் கெடுக்காமல் கையின் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை பெண்களின் தோள்பட்டையை அது காப்பாற்றியிருக்கும்!

ஆட்டிய மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க அதில் வேலை நடக்கிறது. உளுந்திலேயும் அரிசியிலேயும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற பாக்டீரியாக்கள்தான் வேலைக்காரர்கள். லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று நீளமான பேர் உள்ள ஒன்று முக்கியமானது. அது சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகிறது. வாயு விட்டால் போதுமா? அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டாமா? அங்கேதான் உளுந்தின் வழவழப்பு வருகிறது. உளுந்தில் உள்ள புரதமும் கொழகொழப்பான ஒரு வகைச் சர்க்கரைச் சேர்மமும் சேர்ந்து குமிழிகளை உடையவிடாமல் தாங்குகின்றன. துவரம்பருப்பில் இட்லி செய்து பாருங்கள், அந்தத் தாங்கல் இருக்காது.

இதைத் தெரிந்துகொண்டபிறகு காலையில் மாவுப் பாத்திரத்தைத் திறப்பதில் எனக்கு ஒரு தனி ஆசை வந்துவிட்டது. அவசரமாகக் கரண்டியை விடமாட்டேன். முதலில் மேலே குவிந்த தோலைப் பார்ப்பேன். ஓரத்தில் எதுவரை ஏறி இறங்கியது என்று பாத்திரத்தில் கோடு தெரியும். காதைக் கிட்டே வைத்தால் குமிழி உடைகிற சன்னமான சத்தம் கேட்கும். நாத்தனார் பையன் லீவுக்கு வந்திருந்தபோது அவனையும் கேட்கச் சொன்னேன். "அத்தை, உள்ள யாரோ பேசறாங்க" என்றான். அக்கினி நட்சத்திரத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, மார்கழியில் விடிந்தபிறகும் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த ஊர் நெசவு ஊர். அடுப்படிக்கும் தறிக்கும் நடுவில் ஒரு பாத்திரம் இருக்கிறது: கஞ்சிப் பாத்திரம். விடிகாலையில் சில தெருக்களில் பட்டுப் பாவு இழையை நீளமாக நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இளவெயிலில் காயவிடுவதைப் பார்க்கலாம். கஞ்சி ஏறினால்தான் இழை விறைப்பாகும், கொஞ்சம் தடிமனாகும், தறியில் அச்சு வந்து வந்து அடிக்கும்போது பிசிறாமல் தாங்கும். அதே அரிசி, அதே தண்ணீர். 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது அரிசியின் மாவுத் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நம் பானையில் அது சோறும் வடிகஞ்சியும் ஆகிறது. தெருவில் அது பட்டுக்கு உடம்பு கொடுக்கிறது. ஆறினால் அந்தப் பின்னல் இன்னும் இறுகும். கோயில் இட்லி மறுநாள் கத்திக்குத் துண்டாக நிற்பதற்கும், பழைய சோறு பருக்கை பருக்கையாக நிற்பதற்கும் ஒரே காரணம்தான். மாமியாரிடம் இதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாததா? அரிசி ஆறினாத்தான் நிக்கும்" என்றார். அவர் சொன்னதும் அதேதான்.

குக்கர் வந்தபிறகு வடிகஞ்சி பல வீடுகளில் இல்லாமலே போய்விட்டது. வாரத்தில் ஒரு நாளாவது பானையில் சோறு வடிக்கலாம் என்பது என் கட்சி. கொதி வந்ததும் பருக்கைகள் கீழிருந்து மேலே ஏறி, சுழன்று, மறுபடி இறங்குகிற ஆட்டத்தைக் குக்கர் மூடிவிடுகிறது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி மறைகிற நேரம்தான் வடிக்கிற நேரம். வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுக் குடித்தால், வெயில் காலத்தில் அதற்கு மேல் ஒன்று கேட்கமாட்டீர்கள்.

தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதில் நிறம் பார்க்கவும் பழகிவிட்டேன். இங்கே புடவைக்கு நிறம் சொல்வதே காய்கறிக் கூடையைப் பார்த்துத்தான். மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு, கத்தரிப்பூ, வெந்தயக் கலர், வெங்காயக் கலர். அதனால் வெங்காயம் உரிக்கும்போது என் கண் தானாக நிற்கிறது. வெளித்தோலில் செம்பு நிறம், அடுத்த தோலில் ரோஜா, உள்ளே போகப் போக ஓரத்தில் மட்டும் ஊதா, நடுவில் பச்சை கலந்த வெள்ளை. ஒரே வெங்காயத்தில் உடலும் கரையும் முந்தானையும் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தாலும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

நிறத்தில் இன்னொரு வேடிக்கை மஞ்சள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு துளி விட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். வேதியியல் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை நம் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டு செய்கிறது. புடவையில் சாம்பார் கறை பட்டு, சோப்பு போட்டதும் கறை சிவப்பாக ஆகிறதே, அதுவும் இதேதான். கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். நாத்தனார் பையன் ஒரு மத்தியானம் முழுக்க மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சை என்று மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். டிவி பக்கம் திரும்பவில்லை.

தாளிப்பு எனக்குக் காதால் செய்கிற வேலை. கடுகுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறபோதுதான் அந்தப் படபடப்பு. எண்ணெய் காயாமல் போட்டால் சும்மா கிடக்கும், கசக்கும். வெடிப்பு அடங்கத் தொடங்குகிற நேரம் உளுத்தம்பருப்பு. அது சிவக்கிறபோது கறிவேப்பிலை. ஈரமான இலை எண்ணெயில் விழுகிற அந்தச் சீற்றம் வந்தால் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு தயார் என்று தெரிந்துவிடும். மணி அடிக்கவே வேண்டாம்.

பெருங்காயத்தைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். நம் சாம்பார், ரசம், கோயில் புளியோதரை எதுவும் அது இல்லாமல் நடக்காது. ஆனால் அது நம் மண்ணில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் வளர்கிற ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால் அது. இந்தியாவிலேயே வளர்த்துப் பார்க்கலாம் என்று இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் கன்று நட்டது 2020 அக்டோபரில்தான். அதுவரை எத்தனை நூற்றாண்டாக வணிகர்கள் கொண்டுவந்து கொண்டுவந்து நம் அஞ்சறைப்பெட்டியை நிரப்பியிருக்கிறார்கள்! பச்சையாக முகர்ந்தால் மூக்கைப் பொத்தவேண்டிய கந்தக நாற்றம். சூடான நெய்யில் விழுந்த மறு நொடி வெங்காயம் பூண்டு வதக்கிய மணம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத மடைப்பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிப் பெருங்காயம் வாங்குங்கள். பொடியில் மாவு நிறையக் கலந்திருக்கும்.

ரசம் பற்றி இரண்டு வரி. நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்கிவிடணும். கொதிக்கவிட்டால் மிளகு சீரகத்தின் மணம் எல்லாம் ஆவியோடு கூரைக்குப் போய்விடும். அடுப்படி மணக்கும், ரசம் மணக்காது.

தண்ணீரும் ஒரு சாமான்தான். இதே தெருவில் போர் தண்ணீரில் வேகவைத்த பருப்பும் பாலாற்றுத் தண்ணீரில் வேகவைத்த பருப்பும் ஒன்றாக இருப்பதில்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் குழையாது. வைணவ ஆச்சாரியார் ராமானுஜர், 'சாலைக் கிணறு' என்ற கிணற்றிலிருந்து வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் தண்ணீர் சுமந்தார் என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பக்தியில் சொல்கிற கதை அது. நான் அதை அடுப்படியில் நின்றுகொண்டும் கேட்கிறேன். நல்ல தண்ணீர் இருக்கிற இடம் தெரிந்து, அதைச் சுமந்துவருவது சமையலின் முதல் வேலை.

முருங்கைக்கீரை ஆய்வதற்கு அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. கொத்தை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிரும். காம்பு மட்டும் கையில் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தது. உதறுகிற அந்த ஒரு உதறலுக்காகவே நான் முருங்கைக்கீரை வாங்குகிறேன்.

இவ்வளவும் எழுதியபிறகு ஒன்று சொல்லியே ஆகணும். சமையலை ரசியுங்கள் என்று சொல்வது சுலபம். தினமும் தனியாளாக மூன்று வேளையும் சமைத்து, பாத்திரம் தேய்த்து, நடுவில் நெசவுக்குத் தார் சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவளிடம் போய் அதைச் சொன்னால் அது கொடுமை. என் மாமியார் தலைமுறையில் நெசவு வீட்டுப் பெண்களுக்கு அடுப்பும் தறியும் இரண்டு பக்கமும் இழுத்தன. வேடிக்கை பார்க்க அவர்களுக்கு நேரம் யார் கொடுத்தார்கள்? அப்படியிருந்தும் மாவுப் பொட்டு மிதப்பதை அவர் கவனித்து வைத்திருக்கிறாரே என்று நான் இன்றைக்கும் வியக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது மாவு ஆட்டுவது வீட்டுக்காரர் வேலை, காய் நறுக்குவது பையன் வேலை. எனக்கு நின்று பார்க்க நேரம் கிடைத்தது அதனால்தான். வேலையைப் பங்கு போடாத வீட்டில் ரசனையைப் பற்றிப் பேசக்கூடாது.

2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திமர மூர்த்தியான அத்திவரதர், கோயில் குளமான அனந்தசரஸிலிருந்து வெளியே வந்து ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை சேவை சாதித்தார். அந்த நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வராத வீடே இல்லை. எங்கள் வீட்டிலும் வந்தவர்களுக்கு வந்தவர்களுக்கு இலை போட்டபடி இருந்தோம். ராத்திரி வரிசையில் நின்றுவிட்டு விடியற்காலை திரும்புகிறவர்கள் கையில் கொடுக்க டம்ளர் இட்லிதான் கைகொடுத்தது. ஆறினாலும் கெடாது, சட்னி தேடவேண்டாம், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். வழிப்பயணத்துக்கு எவ்வளவு பொருத்தமான சாப்பாடு அது என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அதற்கு முன்னால் அவர் வந்தது 1979. அடுத்தது 2059.

ஓட்டல்களில் காஞ்சிபுரம் இட்லி என்று சொல்லி, சாதா இட்லி மாவில் மஞ்சள் பொடி, முந்திரி, கேரட், கடலைப்பருப்பு எல்லாம் போட்டுத் தட்டில் ஊற்றித் தருகிறார்கள். அது வேறு பண்டம், நன்றாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இட்லிக்கு அந்தப் பெயரை ஈட்டித் தந்தது கொரகொரப்பும் மிளகும் சுக்கும் தடிமனும். சோடா உப்பு போட்டு உப்ப வைத்தால் அது காஞ்சிபுரம் இட்லியே இல்லை.

வீட்டில் செய்ய இதோ என் அளவு. பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மடைப்பள்ளியில் பச்சரிசியும் உளுந்தும்தான். புழுங்கலரிசி வீட்டு வசதிக்கு. நாலு மணி நேரம் ஊறட்டும். அரிசியை ரவை பதத்தில், உளுந்தைப் பொட்டு மிதக்கும்வரை ஆட்டி, உப்பு போட்டுக் கையால் கரைத்து ராத்திரி வைத்துவிடுங்கள். கை படணும், கரண்டி போதாது என்பது மாமியார் கட்டளை. காலையில் மூன்று பேருக்கு ஆகிற மாவுக்கு ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு இரண்டு டீஸ்பூன், சீரகம் இரண்டு டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், கட்டிப் பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை. எல்லாவற்றையும் நெய்யும் நல்லெண்ணெயும் பாதிப் பாதியாக மூன்று மேசைக்கரண்டி காயவைத்து அதில் பொரித்து, சூட்டோடு மாவில் கொட்டிக் கலக்குங்கள். டம்ளருக்குள் மந்தாரை இலை, கிடைக்காவிட்டால் வாட்டிய வாழையிலை வைத்து, முக்கால் டம்ளருக்குக் குறைவாக ஊற்றி, அரை மணி ஆவி காட்டுங்கள். ஈர்க்குச்சி சுத்தமாக வந்தால் இறக்கலாம்.

பாதியை அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பாதியை மறுநாளுக்கு வையுங்கள். எது பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் வந்தால் பிரசாத இட்லியைக் கேட்டு வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.